பெரிய வியாழனன்று நான் ஏன் எழுந்து போனேன்

தம்பி,

இன்னும் இருபது நாளில் உன்னை நான் சாமி என்று கூப்பிட வேண்டுமாம். உன் அப்பா இப்போதே பழகிக்கொண்டிருக்கிறார். போன வாரம் சாப்பிடும்போது, "சாமிக்கு மாவடு பிடிக்கும், ஒரு ஜாடி எடுத்து வை" என்கிறார். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. நீ பீடத்தில் ஏறிவிட்டால் நான் சொல்வதெல்லாம் ஒரு சாமியாரிடம் ஒரு கிழவி புலம்புவதாகிவிடும். நீயும் தலையைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, குருமடத்தில் கற்றுக்கொடுத்த அந்தச் சிரிப்பைச் சிரிப்பாய். அதற்கு முன்னால், நீ என் பிள்ளையாக மட்டும் இருக்கும்போதே, போட வேண்டிய சண்டையைப் போட்டுவிடுகிறேன். கடிதம் நீளும். ஜெபநேரம் பார்த்து எழுந்து ஓடாமல் உட்கார்ந்து படி.

உன் முதல் பூசைக்கான பிரசங்கத்தை எழுதி அனுப்பியிருந்தாய், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் அம்மா என்று. மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை அடுப்பில் சோறு தீய்ந்தது. மூன்றாம் தடவை கசக்கி அடுப்பிலேயே போடப் போனேன். உன் கையெழுத்தாயிற்றே என்று திரும்ப நீவி வைத்தேன். என்ன எழுதியிருக்கிறாய்? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே கோயிலில், ஒரு பெரிய வியாழனன்று, மூன்று ஏழைகளின் பெயரை அடித்துவிட்டுப் பாதம் கழுவும் சடங்கு நடந்ததாம். அன்றைய பங்குச் சாமியார் பெரிய மனிதர்களுக்குப் பயந்து தலையாட்டினாராம். ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு பெண் எழுந்து வெளியே போனாளாம். அந்தப் பெண் என் தாய், அவர் படியிறங்கிய அன்றுதான் நான் இந்தப் பீடத்தை நோக்கிப் படியேறத் தொடங்கினேன் என்று முடித்திருக்கிறாய். வசனம் நன்றாகத்தான் இருக்கிறது. குருமடத்தில் இதற்கும் வாத்தியார் வைத்திருக்கிறார்கள் போல.

நான் எழுந்து போனது உண்மை. மற்றதெல்லாம் பொய், தம்பி. பொய்யைச் சொன்னவன் நீ இல்லை. நீ கண்ணால் கண்டதை நம்பினாய். அந்த மூன்று பேர் வீட்டுக்கும் போய், நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவளே நான்தான். இதை நீ பீடத்தில் நின்று பிரசங்கம் செய்வதற்கு முன்னால் உனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நம் கோயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நீ ஒன்பது வருஷமாக வெளியூரில் இருந்து லீவுக்கு மட்டும் வந்து போகிறவன். லீவுக்கு வருகிறவனுக்கு எல்லாம் அழகாகத்தான் தெரியும். கோட்டுச்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் தூரத்திலேயே தெரிகிற அந்த மணிக்கூண்டு, மாதா தேர், கிறிஸ்துமஸ் குடில். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் எந்தப் பக்கம் யார் உட்காருகிறார்கள் என்பது தெரியும். கோயில் தெருக்காரர்கள் முன்வாசல் வழியாக வந்து வலப்பக்கம். தெற்குத் தெருக்காரர்கள் பக்கவாசல் வழியாக வந்து தூணுக்கு அந்தப் பக்கம். யாரும் சட்டம் போடவில்லை, பலகை எழுதி மாட்டவில்லை. நற்கருணை வாங்கப் போகும்போதுகூட ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் மறுபக்கம் எழுந்திருக்கும். எல்லோரும் ஒரே ஆண்டவரின் பிள்ளைகள் என்று பாடிக்கொண்டே எழுந்திருப்போம். சாதி என்று யாரும் வாயால் சொன்னதில்லை. நம் கோயிலில் அந்த வார்த்தைக்கே இடமில்லை, அந்த அளவுக்கு நாகரிகம்.

பாதம் கழுவ உட்காருகிற பன்னிரண்டு பேர் கதை அதைவிட வேடிக்கை. ஆண்டவர் தம் சீடர்களின் அழுக்குக் காலைக் கழுவினார் என்று வருஷா வருஷம் கேட்கிறோம். நம் ஊரில் அந்தப் பன்னிரண்டு நாற்காலியும் வீட்டுக்கு ஒன்றாக எழுதி வைத்தது மாதிரி. தகப்பன் போனால் பிள்ளை. காலையிலிருந்து வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் பூசிக்கொண்டு வருவார்கள். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பெரியவர் ஒருத்தர் ஷூவும் காலுறையும் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். சாமியார் முன்னால் வந்து குனிந்த பிறகுதான் காலுறையை உருவுவார். பின்னால் நிற்கிற மருமகன் அதை மடித்து வாங்கிக்கொள்வான். தண்ணீர் ஊற்றினால் அது அப்படியே சுத்தமாகப் பாத்திரத்தில் விழும். சடங்கு முடிந்து அந்தத் துண்டுகளைத் துவைக்கிறவள் நான்தான். ஒரு துண்டில்கூட ஒரு பொட்டு அழுக்கு இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க யார் யாருடைய காலையோ கழுவிவிட்டு வருகிறவளுக்கு இது சிரிப்பாக இருக்கும். சிரித்துக்கொண்டே துவைத்தேனே ஒழிய ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்படியிருந்த கோயிலைத்தான் எழுபத்தேழு புயல் ஒரேயடியாகப் புரட்டிப்போட்டது. உனக்கு நினைவிருக்கும். ஓடு பறந்து, கூரை பறந்து, தெற்குத் தெருவில் ஒரு சுவர்கூட நிற்காமல், சனம் முழுவதும் கோயிலுக்குள் வந்து விழுந்தது. அப்போது இருந்த சாமியாரைச் சைக்கிள் சாமியார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஒல்லி. யார் வீட்டுக் கஞ்சியும் குடிப்பார். அவர் பீடத்துக் கம்பளத்தை எடுத்துக் குழந்தைகளைப் படுக்க வைத்தார். பள்ளிக்கூட அண்டாவில் பதினொரு நாள் கஞ்சி காய்ச்சினோம். பக்கத்துத் துலுக்கத் தெருவிலிருந்து அரிசி வந்தது. திருநள்ளாற்றுப் பக்கமிருந்து வண்டியில் காய்கறி வந்தது. கோயில் தெருப் பெண்களும் தெற்குத் தெருப் பெண்களும் ஒரே பாயில் ஒண்டிக்கொண்டு கிடந்தார்கள். பூசை உடுப்பு வைக்கிற அறையில் நான் ஒரு பிரசவம் பார்த்தேன். சாமியார் தன் வெள்ளை அங்கியையே குழந்தையைச் சுற்றக் கொடுத்தார். தம்பி, நான் அறுபது வயதுக்காரி, பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவள். திருச்சபை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அந்தப் பதினொரு நாள்தான். நீ எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் அதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்கப்போவதில்லை.

வெயில் அடித்தது, தண்ணீர் வடிந்தது, அவரவர் தெருவுக்குப் போனார்கள். கிறிஸ்துமஸ் பூசைக்குள் தூணுக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். எனக்கு எப்படி ஆத்திரம் வந்தது தெரியுமா? ஆத்திரப்பட்டுக்கொண்டே வலப்பக்கம் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

சைக்கிள் சாமியார் சும்மா இருக்கவில்லை. தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த வருஷம் பாதம் கழுவ யார் யார் என்று சீட்டுப் போட்டு எடுக்கப்போகிறேன் என்றார். பங்கில் உள்ள எல்லாக் குடும்பத்தின் பெயரையும் எழுதிப் பானையில் போட்டு, எல்லோர் முன்னாலும் ஒரு சின்னப் பெண்ணை விட்டு எடுக்கச் சொன்னார். பன்னிரண்டில் மூன்று தெற்குத் தெருப் பெயர். அதில் ஒன்று சவரிமுத்து. அவரை உனக்குத் தெரியும். புயலில் கூரை மேல் ஏறிக் கயிறு கட்டியவர், நாற்று நடவிலும் அறுப்பிலும் அந்தத் தெருவுக்கே மேஸ்திரி மாதிரி முன்னால் நிற்கிறவர். பெயர் வாசித்ததும் கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. அமைதி என்றால் நல்லது என்று சாமியார் நினைத்துக்கொண்டார் பாவம்.

அன்று மாலையே பங்குப் பேரவைக் கூட்டம் நம் வீட்டில் கூடியது. உன் அப்பாதானே செயலாளர். சாமியாரைக் கூப்பிடவில்லை. நீ அப்போது பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று காரைக்காலில் உன் சிநேகிதன் வீட்டில் இருந்தாய். நான் காப்பி கொடுத்துக்கொண்டே கேட்டேன். மற்ற ஒன்பது பேரும் உட்கார மாட்டார்களாம். அந்த மூன்று பேர் வந்தால் மாதா தேருக்கு யாரும் தோள் கொடுக்க மாட்டார்களாம். கைகலப்பு வந்தாலும் வருமாம். யாரும் கத்தவில்லை. எல்லோரும் பங்கின் ஒற்றுமையைப் பற்றித்தான் பேசினார்கள். சாமியாரிடம் சொல்லிப் பயனில்லை, அவர் பிடிவாதக்காரர், அந்த மூன்று பேரும் தாங்களாகவே வராமல் இருந்துவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை என்றார்கள். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் அப்பாதான் சொன்னார்.

"நீ போய்ச் சொன்னா கேப்பாங்க."

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பயந்து போனேன், ஊர் அமைதிக்காகப் போனேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இருந்ததுதான். ஆனால் அதற்கு மேல் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இரண்டு தெருவிலும் நர்ஸம்மா பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்கிற பெருமை. பிரசவத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள், சண்டைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆண்கள் பத்துப் பேர் என் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னால்தான் ஆகும் என்று சொன்னபோது எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. புடவையை மாற்றிக்கொண்டு மறுநாளே கிளம்பிவிட்டேன். மற்ற இரண்டு பேர் வீட்டிலும் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அவர்கள் முதலிலேயே தயங்கிக்கொண்டிருந்தவர்கள். சவரிமுத்து வீட்டில்தான் சிக்கல்.

அவர் வாசலில் கல்லின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வயலில் செருப்பில்லாமல் நடந்த கால், வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்பில் சேறு போகவே மாட்டேன் என்கிறது நர்ஸம்மா, இதுக்கு ஏதாவது மருந்து இருக்கா என்று சிரித்தார். சாமியார் கையில் முள்ளாகக் குத்திவிடப்போகிறதாம், அந்தக் கவலை. அவர் மருமகள் நிறைமாதம். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, அத்தை புதுவேட்டியை நனைத்துக் காயப்போட்டிருக்கிறார் என்றாள். அப்போதாவது நான் திரும்பி வந்திருக்கலாம். உட்கார்ந்தேன். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். பேரவை என்று சொன்னால் அவர் கேட்க மாட்டார், சண்டைக்குப் போவார். அது எனக்குத் தெரியும். அதனால் சாமியார் என்று சொன்னேன்.

"சாமியாரேவா சொன்னாரு?"

"ஆமா. சாமியார்தான் சொல்லச் சொன்னாரு."

அவர் செங்கல் துண்டைக் கீழே வைத்தார். காலைக் கல்லிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "சரிங்கம்மா. நீங்களே நேர்ல வந்து சொல்றீங்களே, அதுவே பெருசு" என்றார். வெயிலில் வந்திருக்கிறேன் என்று மோர் கொண்டுவரச் சொன்னார். குடித்தேன்.

உன் அப்பா சாமியாரிடம் போய், அவர்களாகவே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள் சாமி என்றார். பெரிய வியாழனன்று பூசைக்கு நேரமாகிவிட்டது, மூன்று இடத்துக்கும் வழக்கமான ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சாமியார் பாத்திரத்தோடு வந்து ஒரு நிமிஷம் நின்றார். நீயும் பார்த்தாய். அவர் பெரிய மனிதர்களுக்குப் பயந்து நின்றதாக நீ எழுதியிருக்கிறாய். இல்லை. அந்த மூன்று பேர் ஏன் வரவில்லை என்று அவருக்குப் புரியாமல் நின்றார். அப்புறம் குனிந்து பவுடர் பூசிய காலைக் கழுவினார். நான் தற்செயலாகத் திரும்பினேன். பக்கவாசலில் சவரிமுத்து புதுவேட்டி கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை, வாசலோடு நின்றார். சண்டைக்கு வந்த முகமில்லை அது. பன்னிரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நான் எழுந்து முன்வாசல் வழியாகப் போனேன். அவர் இருக்கிற பக்கம் போகத் தைரியமில்லாமல் எதிர்ப்பக்கமாக ஓடினேன், அவ்வளவுதான். நீ பின்னாலேயே வந்தாய். நான் வேப்பமரத்தடியில் அழுதுகொண்டிருந்தேன். "நீங்க செஞ்சதுதாம்மா சரி" என்று என் கையைப் பிடித்தாய். அப்போது உனக்குப் பதினேழு வயது. நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என்னை அப்படிப் பார்த்தது அதுவரை இல்லை. சொல்லாமல் விட்டுவிட்டேன்.

உயிர்ப்பு ஞாயிற்றுக்குத் தெற்குத் தெருவிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை. பேரவைக்காரர்கள் ஆயருக்கு எழுதினார்கள், இந்தச் சாமியார் பங்கைப் பிளக்கிறார் என்று. உன் அப்பாவின் கையெழுத்தும் அதில் உண்டு. கேட்டுப்பார், மறுக்க மாட்டார். நல்ல மனிதர்தான், ஊரோடு சேர்ந்து தப்புச் செய்வதைத் தப்பு என்றே நினைக்காத நல்ல மனிதர். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சாமியாரை மாற்றிவிட்டார்கள். சைக்கிளை பஸ்ஸின் மேல் ஏற்றிக்கட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியனுப்பப் போனேன். தெற்குத் தெருவில் பிரசவம் என்று கூப்பிட்டால் எப்போதும் போலப் போங்கள், அவர்களும் உங்களைக் கூப்பிடுவார்கள் என்றார். சாமியார் என்றால் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தானே போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் நீ குருமடத்துக்குப் போகிறேன் என்றாய். ஏன் என்று கேட்டால், நம் ஊர்ச் சாமியார் மாதிரி பயந்தாங்கொள்ளியாக இல்லாமல், அம்மா மாதிரி ஒரு சாமியாராக இருக்கப்போகிறேன் என்றாய். அப்போதும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இல்லை. நம் ஊரில் செய்யக் கூச்சப்பட்டு, பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய், முகம் தெரியாத ஒரு சாமியாரிடம், ஒரு பொய் சொன்னேன் அதனால் சிலருக்கு வருத்தம் என்று முணுமுணுத்தேன். மூன்று தடவை மாதா மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே சொல்லி முடித்துவிட்டேன். தம்பி, நாளைக்கு உன்னிடம் இப்படி ஒருத்தி வந்து முணுமுணுத்தால், அந்த மூன்று மந்திரத்தைக் கொடுத்து அனுப்பிவிடாதே. யாரிடம் பொய் சொன்னாய், அவரிடம் போய்ச் சொன்னாயா என்று கேள். உன் மேல் கோபப்பட்டுக்கொண்டே போவாள். போகட்டும்.

இவ்வளவு நாள் சொல்லாதவள் இப்போது ஏன் சொல்கிறாள் என்று நீ கேட்பாய். போன வாரம் மறுபடியும் நம் கூடத்தில் பேரவைக் கூட்டம். உன் முதல் பூசைக்குத் தோரணவாயில் எத்தனை, குடை யார் பிடிப்பது, மாலை யார் போடுவது என்று காலையிலிருந்து பேச்சு. விருந்து விஷயம் வந்தது. தெற்குத் தெருவில் இப்போது பாதிச் சனம் கோயிலுக்குத் திரும்பியிருக்கிறது; நம் ஊர்ப் பிள்ளை சாமியாராகிறான் என்று அவர்களும் வருவார்கள். முதல் பந்தியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் சிலர் சங்கடப்படுவார்களாம். அவர்கள் இரண்டாம் பந்திக்கு வந்தால் எல்லோருக்கும் சௌகரியமாம். ஒன்பது வருஷம், தம்பி. ஆட்கள் பாதி மாறிவிட்டார்கள், தகப்பன் இருந்த இடத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நர்ஸம்மா, நீங்க போய்ச் சொன்னா கேப்பாங்க" என்றான் ஒரு சின்னப் பையல். அவன் பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவள் நான். காப்பித் தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எழுந்து தெற்குத் தெருவுக்குப் போனேன். பந்தி விஷயம் சொல்லப் போகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

சவரிமுத்துவுக்கு இப்போது கண் மங்கல். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன், அன்றைக்குச் சாமியார் சொல்லவில்லை, அவருக்கு ஒன்றுமே தெரியாது, நான் சொன்னது பொய் என்று. அவர் நம்பவில்லை.

"அது எப்படிங்கம்மா? பெரிய வியாழனுக்கு மறுநாளே நான் நேரா போய்க் கேட்டனே. நர்ஸம்மா இப்படிச் சொன்னாங்க, நெசமா சாமின்னு கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், ஆமாப்பா, நான்தான் சொல்லச் சொன்னேன், என்னை மன்னிச்சிருன்னு கையப் புடிச்சாரு. நான் உதறிட்டு வந்துட்டேன்."

அப்போதுதான் உட்கார்ந்தேன். அந்த மனிதர் ஏன் ஆமாம் என்று சொன்னார் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வாரம் தெற்குத் தெருவில் மூன்று பேர் நிறைமாதம். சவரிமுத்துவின் மருமகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வலி கண்டு, குழந்தை கால் முன்னால் வந்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டி நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸம்மா பொய்க்காரி என்று வெள்ளிக்கிழமை தெரிந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டிருப்பார்களா? அதை யோசிக்கத்தான் அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கிறது. அப்புறம் என் பொய்யைத் தன் பேரில் எழுதிக்கொண்டார். ஊரை விட்டுப் போகும்போதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருஷம் எங்கேயோ ஒரு மூலைப் பங்கில் செத்துப்போனார். சாவுச் செய்தி வந்தபோது நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், நறுக்கி முடித்தேன்.

சவரிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னிக்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை. அந்த மனுஷன் செத்ததற்குக்கூட இந்தத் தெருவிலிருந்து ஒருத்தரும் போகவில்லையே அம்மா என்றார். என் குரல் வந்த பக்கமாகத் திரும்பி அடுத்தது சொன்னார்.

"எங்கிட்ட வீட்டுக்குள்ள வந்து சொல்லிட்டீங்க. அவரு மேல விழுந்தது ஊரறிய விழுந்ததுங்களே. அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

வீட்டுக்கு வந்தால் மேஜையில் உன் பிரசங்கம். அதில் அந்தப் பழியை நீ ஒரு தடவை கூடுதலாகப் பீடத்தில் வைத்துச் சாத்தப்போகிறாய், ஆயர் முன்னால், இரண்டு தெரு முன்னால், என் பேரைச் சொல்லி.

எனவே அந்தத் தாள்களைக் கிழித்துவிடு. உன் அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பிள்ளை குருப்பட்டம் வாங்குகிற நாளாகப் பார்த்து மானத்தை வாங்க வேண்டுமா என்று இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருக்கிறார். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. நீயும் என் மேல் கோபப்படுவாய். படு. என்னைப் பார்த்துத்தான் சாமியாராகிறேன் என்கிறாயே, அந்த என்னை நீ பார்க்கவே இல்லை. அதனால் பட்டமே வேண்டாம் என்று தோன்றினால் இன்னும் இருபது நாள் இருக்கிறது, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு. யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால், நீ பார்க்காமல் விட்ட அந்த ஒல்லி மனிதரை நினைத்துக்கொண்டு வாங்கு. விருந்தில் ஒரே பந்தி என்று நீயே பேரவைக்கு எழுதிவிடு. இந்த முறை யாரும் போய்ச் சொல்ல மாட்டார்கள்.

முதல் பூசையில் சுவிசேஷம் வாசித்து முடித்து நீ வாய் திறப்பதற்கு முன்னால் நான் எழுந்து நிற்பேன். பக்கவாசல் பக்கமாகத் திரும்பி, அன்றைக்கு நடந்ததைப் பெயர் சொல்லி, என் வாயால் சொல்வேன். உன் அப்பா முந்தானையைப் பிடித்து இழுப்பார். பேரவைக்காரர்கள் உஸ் உஸ் என்பார்கள். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். நீ மட்டும், தம்பி, அங்கே மேலே நின்றுகொண்டு, என்னை உட்காரச் சொல்லிவிடாதே.

அம்மா